ஸ்டிடம் துறையில் படகை ஓட்டியவர்

ஸ்டிடம் துறை, கென்டக்கி
2018 பிப்ரவரி 11

அக்கா ஆர்வில்லாவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்புவதை நீ கடிதம் என்று சொல்வாயானால், நமக்குள் கடிதப் போக்குவரத்து இருக்கத்தான் செய்கிறது. நான் அதைக் கணக்கில் வைப்பதில்லை. நாற்பத்துநான்கு வருஷம் கழித்து உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இதுதான். 1974இல் அப்பாவைப் புதைத்த அன்று நீ சாலையிலேயே நின்றுவிட்டு, குழி பக்கம்கூட வராமல் பஸ் ஏறிப் போனாய். அன்று உன் முதுகைப் பார்த்து நான் கத்தியதில் ஒரு சொல்லையும் இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் உன் கையெழுத்து எனக்கு வேண்டும்.

விஷயம் இதுதான். நம் துறைக்கு அரசாங்கம் ஒரு வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறது. சாலையோரத்தில் இரும்புக் கம்பத்தில் நிற்குமே, அதுதான். ஆறு வருஷமாக மனு எழுதி, வரைபடம் வரைந்து, நிலத்துக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, தலைநகருக்கு அலைந்தேன். கடைசியில் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். பதினாறு வரிதான் தருவார்கள். நான் எழுதிக் கொடுத்திருப்பதன் சாரம் கீழே:

"1951 மே 27 ஞாயிறு. எதிர்க்கரைக் கல்லறையில் பூ வைக்கச் சென்றவர்களுடன், ட்ராமல் ஆற்று வெள்ளத்தில் வடம் அறுந்து படகு இங்கே கவிழ்ந்தது. பதினொரு பேர் இறந்தனர். படகை ஓட்டிய எஸ்டில் ஸ்டிடம் நீரில் குதித்து நால்வரைக் காப்பாற்றினார்."

அப்பாவின் மேல் எந்தக் குற்றமும் சொல்லாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி ஒரு வாக்கியம், அவ்வளவுதான் நான் கேட்பது. உனக்குத் தெரியும், பன்னிரண்டு பேர் ஏறவேண்டிய படகில் இருபத்துமூன்று பேரை ஏற்றிக் கொன்றவர் என்று சொல்லித்தான் சபைக்காரர்கள் அவரைக் கல்லறை வேலிக்கு வெளியே புதைக்க வைத்தார்கள். அம்மா உள்ளே, அவர் வெளியே. சபைக் கமிட்டித் தலைவர் ஹோபர்ட் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். "அரசாங்கமே உலோகத்துல வார்த்து எஸ்டில் மேல தப்பில்லைன்னு வெச்சிட்டா, நாங்க யாரு மறுக்க? வேலியைத் தள்ளிப் போட்டுடுவோம்" என்றார்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. படகை ஓட்டியது அப்பாதான் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லை. அந்த வாரத்துப் பத்திரிகை இறந்தவர்களின் பெயரை மட்டும் போட்டிருக்கிறது. கண்ணால் பார்த்த யாராவது நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம். உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஓமா லீ டாக்கெட் கிழவி என் முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டாள். அவளுடைய அப்பாவும் இரண்டு தங்கைகளும் அந்தப் பதினொன்றில் சேர்த்தி, குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் நீ. அன்று நீ துறையில் இருந்தாய் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பத்திரத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இன்னொன்று. சொன்னால் சிரிப்பாய். எதிர்க்கரையில் படகைக் கூப்பிடக் கட்டி வைத்திருந்த கலப்பைக் கொழு ஞாபகம் இருக்கிறதா? அது ஆற்றில் விழுந்து முப்பது வருஷம் ஆகிறது. கட்டியிருந்த மரமும் இல்லை. ஆனால் பனிமூட்டமான காலைகளில் அதை யாரோ அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. காது டாக்டரிடம் போனேன். காதில் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார்.

டென்சில்


பெண்டில்டன், ஓரிகன்
பிப்ரவரி 24

டென்சிலுக்கு,

பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

பலகையே வேண்டாம். அந்த இடத்தை யாரும் கார் நிறுத்திப் படிக்க வேண்டியதில்லை. அறுபத்தேழு வருஷமாக அது சும்மா கிடக்கிறது, அப்படியே கிடக்கட்டும். அப்பா எங்கே கிடக்கிறாரோ அங்கே அவர் நிம்மதியாகத்தான் இருப்பார். வேலிக்குள் இருப்பவர்களோடு அவருக்குப் பேச்சு ஒன்றும் மிச்சம் இல்லை.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் படுத்துகிறது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எத்தனை அடி என்று எழுதவில்லை. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. அப்படித்தானே? இங்கிருந்து பக்கத்து ஆறு நாலு மைல். சுற்றிலும் கோதுமை வயல்தான்.

ஆர்வில்லா


ஸ்டிடம் துறை
மார்ச் 4

அக்கா,

மூன்று அடிதான். அதைப் படித்ததும் காபியைக் கொட்டிக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்லி நீ பேச்சை மாற்ற முடியாது.

உனக்கென்ன, பதினெட்டு வயதில் கிளம்பிப் போய்விட்டாய். இங்கே வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ஓடையைத் தாண்டும்போதெல்லாம், "டேய், ஸ்டிடம் வர்றான், எல்லாரும் இறங்கிக்குங்கடா, முழுகிடப் போகுது!" என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போன வீட்டில் அவளுடைய மாமா, "உங்கப்பன் தண்ணியில குடுத்ததே எங்க குடும்பத்துக்குப் போதும்ப்பா" என்று சொல்லி அனுப்பினார். அப்பா ஒரு தடவைகூட வாய் திறந்து பதில் சொன்னதில்லை. கடையில் யாராவது ஜாடையாகக் குத்தினால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கிறவரை நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வரும். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

மே மாதக் கடைசி ஞாயிறு இங்கே ஊரே கல்லறையில்தான். ஒவ்வொரு கல்லையும் கழுவி, பூ வைத்து, மரத்தடியில் சாப்பாடு பரப்பி உட்காருவார்கள். வேலிக்கு வெளியே இருக்கிற ஒரே ஒரு கல்லுக்கு நான் ஒருத்தன்தான் பூ வைக்கிறேன். எனக்கு எழுபது. பிள்ளை குட்டி இல்லை. எனக்கு அப்புறம் அதுவும் கிடையாது.

கையெழுத்துப் போட மாட்டாயா, போடாதே. ஏன் என்று மட்டும் சொல். பெற்ற அப்பனுக்காக ஒரு வரி எழுதக் கை வராத அளவுக்கு அவர் உனக்கு என்ன செய்தார்? அதைக் கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

டென்சில்


பெண்டில்டன்
மார்ச் 19

டென்சில்,

அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் எனக்காகத்தான்.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நீ கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். சொல்லாமலே செத்துப்போவது என்றுதான் இருந்தேன், ஏனென்றால் இதில் நீயும் இருக்கிறாய்.

அன்று காலை உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மூன்று வயது. நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது, உதடு நீலமாகிவிட்டது. அம்மா அதற்கு முந்தின நாளே அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா உன்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் டாக்டர் வீட்டுக்கு ஓடினார். போகும்போது என்னிடம், "நான் வர்றவரைக்கும் படகைத் தொடாதே" என்றார்.

படகை ஓட்ட எனக்குத் தெரியும். ஆற்றின் குறுக்கே கட்டிய வடத்தோடு படகை இழுக்கிற கைச்சக்கரத்தைப் பத்து வயதிலிருந்து அவரோடு சுற்றியிருக்கிறேன். அவர் கற்றுக்கொடுத்த விதி இரண்டு. கம்பத்தில் வெள்ளைக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. எதிர்க்கரையில் கொழு அடித்தால் காக்க வைக்கக் கூடாது, அங்கே யார் சாகக் கிடக்கிறார்களோ, யாருக்குப் பிரசவமோ, நமக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்குத் துறையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் கையிலும் மெழுகில் தோய்த்த காகிதப்பூ. எதிர்க்கரையில் போதகரின் மனைவி, ஆராதனைக்கு நேரமாகிறதென்று, கொழுவை அடிக்க ஆரம்பித்தாள். மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. நிறுத்தவே இல்லை. இந்தப் பக்கம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சக்கரத்துக்குப் போனேன். அவர்கள் ஏறினார்கள். ஏறிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருந்தது எனக்குத் தெரியும். நான் எண்ணினேன், இருபத்துமூன்று வரை எண்ணினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றினேன்.

நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை வந்து மோதியது. படகு சாய்ந்தது, வடம் அறுந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. பூக்கள் மட்டும் மிதந்தன, அதில் மெழுகு இருந்ததால். படகு எடுத்துக்கொண்டு தேட வந்தவர்கள் பூ போன திசையிலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆட்கள் எல்லாம் கவிழ்ந்த படகுக்கு அடியில் இருந்தார்கள்.

அப்பா அப்போதுதான் திரும்பி வந்தார். டாக்டர் உன்னை வைத்துக்கொண்டு அவரை அனுப்பியிருந்தார். சட்டையோடு குதித்தார். என்னை நோக்கி நேரே வந்தார். வருகிற வழியில் இரண்டு கைகள் தண்ணீருக்கு மேலே இருந்தன, டென்சில். அவர் அவற்றைத் தாண்டித்தான் என்னிடம் வந்தார். அப்புறம் திரும்பிப் போய் இன்னும் மூன்று பேரை எடுத்தார். அந்தக் கைகள் அதற்குள் இல்லை.

கரையில் என்னைப் போட்டுவிட்டு என் காதில், "நீ படகுல இல்ல. கரையில இருந்தே. நான்தான் ஓட்டினேன். யார் கேட்டாலும் இதான்" என்றார். நான் சரி என்றேன். அதற்குப் பின் அவர் சாகும்வரை எங்கள் இரண்டு பேருக்குள் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடையில் தொப்பியைக் கழற்றி நின்றார் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பேச்சுக்கெல்லாம் உரியவள் நான். புதைத்த அன்று வேலிக்கு வெளியே குழியைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை. அதனால்தான் வரவில்லை.

உன் மூச்சுத் திணறலைச் சொன்னால் நீ உன்னையே நொந்துகொள்வாய் என்று மறைத்தேன். மூன்று வயதுப் பிள்ளை மேல் என்ன தப்பு இருக்கிறது? உன் பத்திரத்தில் பொய்ச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. உண்மையை எழுதவும் இத்தனை நாள் தைரியம் இல்லை.

கோதுமை காற்றில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி அசைகிற மே மாதத்தில் நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் இருக்கிறேன். இங்கேயும் அந்தக் கொழு அடிக்கிறது.

ஆர்வில்லா


ஸ்டிடம் துறை
ஏப்ரல் 22

அக்கா,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை, அதனால் விறகு பிளந்தேன். மூன்று குளிர்காலத்துக்குப் போதும்.

அப்புறம் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓமா லீ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "மறுபடியும் என்னடா?" என்றாள். "படகை ஓட்டினது எங்கப்பா இல்ல, எங்கக்கா" என்றேன். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

உட்காரச் சொல்லிவிட்டு, "யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"அக்காவே எழுதியிருக்கா."

"அவளே சொல்லிட்டாளா. அப்படின்னா சரி" என்றாள். "எங்களுக்குத் தெரியும்டா டென்சிலு. ரெண்டாம் நடைக்குக் கரையில நின்னுட்டிருந்தோம், பதினாலு பேரு. எனக்குப் பதினேழு வயசு. உங்கக்கா சக்கரத்துல நின்னதை அத்தனை பேரும் பார்த்தோம்."

"அப்புறம் ஏன் எங்கப்பாவை...?"

"உங்கப்பன்தான் கேட்டான். ஷெரீஃப் வர்றதுக்கு முன்னாடி. சேத்துல மண்டி போட்டுட்டான். 'நான்தான் ஓட்டினேன்னு சொல்லுங்க. அவ சின்னப்புள்ள, இதைச் சுமந்துக்கிட்டு அவளால வளர முடியாது'ன்னான். எங்க வீட்டுப் பொணம் இன்னும் தண்ணிக்குள்ள கிடக்கு, இவன் வந்து இதைக் கேக்குறான். ஆனா எங்கம்மா 'சரி எஸ்டில்'ன்னா. எல்லாரும் வாக்குக் குடுத்தோம்."

"வாக்குக் குடுத்தவங்களா அவரை வேலிக்கு வெளிய போட்டீங்க?" என்று நான் கத்தியேவிட்டேன், அக்கா. எண்பத்துநாலு வயதுக் கிழவியிடம்.

அவள் கோபப்படவில்லை. "கத்து, நல்லாக் கத்து" என்றாள். "முதல்ல ஷெரீஃப் நம்பணும்னு பேச்சுக்குத் திட்டினோம். அப்புறம் திட்டுறது பழகிப்போச்சு. மனசுல இருக்கிற எரிச்சலை எங்கயாவது கொட்டணுமே. பத்து வருஷத்துல நாங்களே நம்பிட்டோம்டா, அவன்தான் ஓட்டினான்னு. அவனும் தொப்பியைக் கழட்டிட்டு நிப்பான், பாவி. ஒரு தடவை எதுத்துப் பேசியிருந்தா எங்களுக்கு உறைச்சிருக்கும்."

அப்புறம் மேஜைத் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது.

"உங்கக்கா வேண்டாம்னு சொன்னா" என்றாள்.

"என்னது?"

"ஏறாதீங்கன்னா. கையை விரிச்சுக்கிட்டுப் படகு வாசல்ல நின்னா, இத்தனூண்டு புள்ள. 'பன்னெண்டு பேருதான், தண்ணி கோட்டைத் தாண்டிருச்சு, அப்பா அடிப்பாரு'ன்னு கத்தினா. எங்கப்பாதான் அவளை இடுப்புல கைபோட்டுத் தூக்கி ஓரமா வெச்சார். சிரிச்சுக்கிட்டே. 'போய்ச் சக்கரத்தைச் சுத்து கண்ணு, கேப்டனாட்டம் பண்ணாதே'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் அவர் பின்னாடியே ஏறிட்டாங்க."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

"செத்துப்போன அப்பனைக் குத்தம் சொல்ல முடியுமா? பன்னெண்டு வயசுப் புள்ளையைச் சொல்ல முடியுமா? எஸ்டில் தானா வந்து முதுகைக் காட்டினான். அடிச்சோம். 1974ல என் புருஷன் கமிட்டியில இருந்தான். வேலிக்கு வெளியன்னு முடிவு பண்ணிட்டு வந்து சொன்னான். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். குடுத்த வாக்கைக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டேன். எங்கப்பா பேரைத்தான் காப்பாத்தினேன்."

அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னாய். கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது என் பாடுதான் திண்டாட்டம். உண்மையைப் போட்டால், அப்பா மண்டி போட்டுக் கேட்டதை நான் உடைக்கிறேன். போடாவிட்டால் அவர் வெளியிலேயே கிடக்கிறார். படகை ஓட்டியவர் பெயர் வருகிற வரியை வெறுமையாக விட்டு, பலகை வாசகத்தை உனக்கே அனுப்புகிறேன். நீ என்ன எழுதினாலும் அப்படியே கொடுத்துவிடுகிறேன். என்னிடம் நியாயம் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை.

டென்சில்


பெண்டில்டன்
மே 2

டென்சில்,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணை மூடி எத்தனையோ தடவை அந்தப் படகு வாசலில் போய் நின்று பார்த்தேன். கொழு அடிக்கிறது கேட்கிறது. ஏறுகிறவர்களின் ஷூ தெரிகிறது. என் குரல் மட்டும் எங்கேயும் இல்லை. ஓமா லீ மனது இரங்கிச் சொல்கிறாளோ என்னவோ. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றும் தோன்றுகிறது.

இடுப்பில் ஒரு கை பட்டுத் தூக்கிய மாதிரி ஒரு ஞாபகம் உண்டு. அது அப்பா என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அப்பா என்னைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தார்.

நேற்று இங்கே வங்கியில் இருக்கிற நோட்டரியிடம் போனேன். சின்னப் பெண். "இதுல எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைதானா மேடம்?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் ஏறவில்லை. "நான்தான் படகை ஓட்டினேன்" என்று சத்தமாகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

நான் எதை அறிவேனோ அதற்கு மட்டும் சத்தியம் செய்திருக்கிறேன். சக்கரத்தைச் சுற்றியது நான். அப்பா அங்கே இல்லை. எச்சரித்தேன் என்பதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன், அது எனக்குத் தெரியாது.

அப்பா ஒரு சின்னப் பெண்ணுக்காகத்தான் அந்த வாக்கை வாங்கினார். எனக்கு எழுபத்தொன்பது. அவளுக்குப் போதுமான அளவு அவர் சுமந்துவிட்டார். ஓமா லீயிடம் சொல், நான் அவளை விடுவித்துவிட்டேன் என்று.

வெறும் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். வயதைப் போடாதே. சின்னப் பிள்ளை என்று யாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போக வேண்டாம். பதினொரு பேர், டென்சில்.

ஆர்வில்லா


ஸ்டிடம் துறை
அக்டோபர் 14

அக்கா,

பலகை வந்துவிட்டது. பட்டறைக்கு நேரே லாரியில் போய் நானே ஏற்றி வந்தேன். இப்போது கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், ஆள் உயரம் இருக்கிறது. அடுத்த மே கடைசி ஞாயிறு திறப்பு.

உன் பத்திரம் வந்த மறுநாள் ஓமா லீ கோர்ட்டுக்குப் போய், தானும் ஒரு பத்திரம் கொடுத்துவிட்டாள். தன் அப்பாவின் பெயரையும் எழுதி, அவர் செய்ததையும் எழுதி. உனக்கு ஞாபகம் இல்லாததற்கு அவள் சத்தியம் செய்திருக்கிறாள். அதற்கு உன் சம்மதம் தேவையில்லை என்று தலைநகரில் சொல்லிவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டம் போன வாரம் நடந்தது. ஹோபர்ட் இழுத்தார். "மாத்தி எழுதிட்டீங்களே, இது நாம பேசினது இல்லையே, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். ஓமா லீ எழுந்து நின்றாள். "அடுத்த வருஷம் நான் இருப்பேனான்னு தெரியாது ஹோபர்ட்டு. இப்பவே சொல்லிடறேன், என்னையும் வெளியதான் புதைக்கணும், எஸ்டில் பக்கத்துல. எழுதிக்கோ" என்றாள். அவள் பின்னாலேயே இன்னும் ஆறு ஏழு கிழடுகள் "எங்களையும் எழுதிக்கோ" என்று கையைத் தூக்கினார்கள், எல்லாம் அந்தப் பதினொரு குடும்பத்து ஆட்கள். சனிக்கிழமை காலை கம்பி வெட்டுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் ஒரு கடப்பாரையை என் கையில் கொடுத்தார், நானும் சேர்ந்து பிடுங்கினேன்.

பலகையின் கடைசி வரிகள் இப்படி இருக்கின்றன:

"தண்ணீர் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் பன்னிரண்டு பேருக்கே இடம் என்று படகை ஓட்டியவர் தடுத்தும் இருபத்துமூன்று பேர் ஏறினர். பதினொரு பேர் இறந்தனர். படகை ஓட்டியவர்: ஆர்வில்லா ஸ்டிடம், வயது 12."

வயதைப் போடாதே என்றாய். போட்டுவிட்டேன். அலுமினியத்தில் வார்த்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

டென்சில்